தள்ளுபடி அக்காவும் நாற்பத்து மூன்று லைசென்ஸும்

முழு விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவனைப் பார்த்தால் என் அக்காவுக்கு இரக்கம் வரும். கோபம்கூட இல்லை, இரக்கம்தான். ஒருமுறை நான் கடைக்காரன் சொன்ன விலைக்கே ஒரு ஹெட்ஃபோன் வாங்கி வந்து பெருமையாகக் காட்டினேன். அவள் என் தோளைத் தட்டி, "பரவால்ல விடு, உடம்பு நல்லா இருந்தா போதும்" என்றாள். துக்க வீட்டில் பேசுகிற குரல் அது.

தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைத் 'தள்ளுபடி' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவளும் "சொல்லு" என்று திரும்புவாள். வயது நாற்பத்தொன்று. பகலில் ஒரு காது மருத்துவமனையில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நோயாளி உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் அக்கா பீப், பீப் என்று ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். கேட்காமலே அமுக்குகிறவர்கள்தான் அதிகம் என்பாள். மனிதனுக்குக் காது போனாலும் போகலாம், தோற்றுப் போகப் பிடிக்காது.

வேலை முடிந்து வந்தால் உள் அறைக்குள் போய் இசை செய்வாள். விளம்பரத்துக்கு, குறும்படத்துக்கு, தொலைபேசியில் நம்மைக் காக்க வைக்கும்போது ஒலிக்குமே, அதற்கு. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு கீபோர்டு, எதிரொலி வராமலிருக்கச் சுவரில் சாய்த்து வைத்த இரண்டு பழைய மெத்தைகள், அவ்வளவுதான். யாரையாவது பாட வைத்துப் பதிவு செய்தால் ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று அதை அணைத்து விடுவாள். திரும்பப் போட மறந்து விடுவாள். அவளுடைய கலைக்காக எங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் பால் கெட்டது என்பதை இசை வரலாறு எழுதுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் ஏற்றி இறக்குகிறேன். நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் ஒருவரும் பாக்கியில்லை.

இசை செய்கிற மென்பொருள் என்பது தனி உலகம். முதலில் ஒரு பெரிய மென்பொருள் வாங்க வேண்டும். பிறகு அதற்குள் செருகிக்கொள்ளச் சின்னச் சின்ன மென்பொருள்கள். அவற்றுக்கு ப்ளகின் என்று பெயர். ஒன்று, மெத்தைக்கு நடுவில் பாடிய குரலைப் பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் ஆக்கும். ஒன்று, ஐம்பது பேர் கொண்ட வயலின் கூட்டத்தை விரல் நுனிக்குக் கொண்டு வரும். இன்னொன்று எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு தட்டையாக இருக்குமாம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா என்பார்கள். இந்த உலகத்தில் யானை மலிவு, அங்குசம்தான் ஆளை அழ வைக்கிறது. அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "எத்தன ப்ளக்குடி வாங்குவ? வீட்டுல இருக்கறதே ஆறு சாக்கெட்டு" என்பாள்.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு ப்ளகினுக்கு ஒரு பக்கம். ஆரம்பத்தில் என்ன விலை, இதுவரை அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது, எந்த மாதம் இறங்கியது, இறங்கி எத்தனை நாள் நின்றது எல்லாம் அதில் இருக்கும். விற்பவனுக்கே தன் மனசு தெரியாத விஷயத்தில் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். "எழுதி வெச்சிருக்கற விலை சும்மா பயமுறுத்தறதுக்கு. அவன் மனசுல வேற விலை ஒண்ணு இருக்கும். அத அவனே சொல்ற வரைக்கும் நாம வாயத் தொறக்கக் கூடாது" என்பது அவள் சித்தாந்தம்.

எப்படி என்றால், வேண்டிய பொருளை இணையக் கடையின் கூடையில் போடுவாள். பெயர், மின்னஞ்சல் எல்லாம் கொடுத்துப் பணம் கட்டுகிற பக்கம் வரைக்கும் போவாள். அங்கே அப்படியே விட்டுவிட்டு எழுந்து துணி காயப்போடப் போய்விடுவாள். மறுநாள் கடிதம் வரும், எதையோ மறந்துவிட்டீர்களே என்று. பதில் கிடையாது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று வரும், உங்களுக்காக மட்டும் பதினைந்து சதவீதம் என்று. அதற்கும் கிடையாது. ஒரு வாரத்தில் முப்பது சதவீதத்துக்கு வந்து நிற்பான். அவன் கொடாக்கண்டன் என்றால் இவள் விடாக்கண்டி. "இப்ப வாங்கு, இன்னும் எறங்கலன்னா என்ன பண்ணுவ?" என்று எனக்குத்தான் படபடக்கும். அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருப்பாள்.

பிறந்த நாளுக்குக் கூப்பன் தருகிற கடைகள் உண்டு. ஆகவே அக்காவுக்கு வருடத்தில் ஒன்பது பிறந்த நாள். "இது பொய் இல்லையா?" என்று கேட்டேன். "பேரு நெசம். தேதி என் வசதி" என்றாள். அந்தக் கடைகளின் விற்பனை அவர்கள் நாட்டு நள்ளிரவில் முடியும், அது நமக்குப் பகல் பதினொன்றரை. ஒருநாள் அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவருக்குக் காது பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. "ஐயா, காதுக்கு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் குடுங்க" என்று அவரைக் கண்ணாடிக்குள் உட்கார வைத்துவிட்டு, நடைவழியில் நின்று வாங்கி முடித்திருக்கிறாள். பெரியவர் பட்டனைக் கையில் பிடித்தபடி கடமையாகக் காத்திருந்தாராம்.

பழைய லைசென்ஸ் விற்கிற இடங்களும் இருக்கின்றன. இசையை விட்டுவிட்டவர்கள் தங்களிடம் இருப்பதை அங்கே போட்டு விற்பார்கள். பெரும்பாலும் காரணமும் எழுதியிருப்பார்கள். குழந்தை பிறந்துவிட்டது, வேலை மாறிவிட்டது, வீட்டில் இடமில்லை. அங்கேயும் அக்கா கல் நெஞ்சோடு பேரம் பேசுவாள். ஒரே ஒருவர் மட்டும், தனக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் கேட்ட விலையை அப்படியே கொடுத்தாள்.

அவள் ஏமாந்ததும் உண்டு. சொல்லக்கூடாது என்று எச்சரித்திருக்கிறாள், அதனால் சொல்கிறேன். அந்த ஐம்பது வயலின் மென்பொருள் எண்பத்தைந்து சதவீதம் இறங்கியது. நோட்டில் இல்லாத அளவு. வாங்கிவிட்டு வீடு முழுக்கச் சொன்னாள், மருத்துவமனையில் சொன்னாள், கீழே இஸ்திரிக்காரரிடம்கூடச் சொன்னாள். திறந்து பார்த்தால், பழைய பதிப்பின் எண்ணைக் கொடு என்கிறது. வாங்கியது முழு மென்பொருள் அல்ல, அப்கிரேடு. ஏற்கெனவே பழையதை வைத்திருக்கிறவர்களுக்கான மேல்பூச்சு. வீடே இல்லாமல் மாடி வாங்கியிருக்கிறாள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினாள். திருப்பித் தர இயலாது, தாங்கள் பழைய பதிப்பை முழு விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா இரண்டு மாதம் தேடி, அந்த மென்பொருளின் முதல் பதிப்பைப் பெட்டியோடு வைத்திருந்த ஒரு ஆளைப் பிடித்தாள். கீபோர்டு வாசிப்பவராக இருந்து லாரி ஓட்டப் போனவர். பெட்டி கரப்பான் கடித்தது, உள்ளே சி.டி.யில் கீறல். அக்காவுக்குத் தேவை அதிலிருந்த எண் மட்டும்தான். இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. லைசென்ஸை விற்றால் மட்டும் போதாது, பழைய சொந்தக்காரர் கம்பெனிக்கு எழுத வேண்டும். கம்பெனி தன் ஏட்டில் அவர் பெயரை அடித்து வாங்கியவர் பெயரை எழுதும். அதன் பிறகுதான் அது நம்முடையது. லாரிக்காரர் எழுதிக் கொடுத்தார். கீழ்வீடும் மாடியும் சேர்ந்து முழு விலையில் கால்வாசிதான் ஆயிற்று.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். "எதுக்கு இவ்ளோ பாடு? ஊர்ல எல்லாரும் பூட்ட ஒடச்சு க்ராக் பண்ணதத்தான் வெச்சிருக்காங்க. ஓசி. அஞ்சு நிமிஷம்."

அக்கா அந்த மென்பொருளைத் திறந்தாள். திறக்கும்போது நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'உரிமம் பெற்றவர்' என்று போட்டு, கீழே அவள் பெயர். முழுப் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. இரண்டு நொடி நின்று மறைந்தது. பள்ளிச் சான்றிதழுக்குப் பிறகு அவள் முழுப் பெயரை நான் பார்த்தது அங்கேதான்.

"க்ராக் பண்ணதத் தொறந்தா எவனோ ஒரு திருடன் பேரு வரும், மண்டையோடு படம் போட்டு. நான் அவன் பேர்ல உக்காந்து வாசிக்கணுமா?" என்றாள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் ஸ்டுடியோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா அவரிடம் எட்டு வருடம் வேலை பார்த்தாள். கீபோர்டு ப்ரோகிராமிங் என்று சம்பளப் பதிவில் இருக்கும். உண்மையில் மெட்டு, பின்னணி, ஒலிச் சேர்ப்பு எல்லாம் அவள்தான். அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, இன்னும் கொஞ்சம் சோகமா" என்பார். பிறகு வெளியே வரும்போது இசை என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். எட்டு வருடத்தில் அக்காவின் பெயர் ஒரு மூலையில்கூட வந்ததில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன்னுடையது எது, பிறருடையது எது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, அவ்வளவுதான். ஸ்டுடியோவில் இருந்த மென்பொருள்களும் அதே ரகம். ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை.

ஒருநாள் அந்த ஓசிகளில் ஒன்றோடு வைரஸ் வந்து கணினியில் இருந்த எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. இரண்டு மாத வேலை போயிற்று. "நீதான் கண்ட பட்டனையும் அமுக்கியிருப்ப" என்றார். காசு கொடுத்து வாங்குங்கள் என்று தான் எத்தனையோ தடவை சொன்னதை அக்கா நினைவுபடுத்தினாள். "ஊரே ஓசில ஓட்டுது, நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேத்தியா?" என்றார் எல்லோர் முன்னாலும். அக்கா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். அடுத்த மாதம் காது மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு அடுத்த மாதம் நோட்டு வாங்கினாள்.

ஆனாலும் ஸ்டுடியோக்காரருக்கு அவள் இல்லாமல் கை ஓடவில்லை. ஆறே மாதத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் வீட்டிலிருந்தே செய்து அனுப்புவது, அவர் வேலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது, பெயர் வழக்கம்போல அவருக்கு. இப்படி மூன்று வருடம் ஓடியது. "ஏன்க்கா ஒத்துக்கற?" என்று நான் கத்தாத நாள் இல்லை. "என்கிட்ட வேற யாரு வேலை குடுப்பா? என்ன யாருக்குத் தெரியும்?" என்பாள். அதைக் கேட்டால் எனக்கு எதையாவது உடைக்கத் தோன்றும்.

போன வருடம் அவருக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. பாலங்களைப் பற்றிய ஒரு தொடர், எட்டுப் பாகம், பல நாடுகளில் ஒளிபரப்பாகப் போவது. அக்கா ஐந்து மாதம் அதற்கு இசை செய்தாள். இரும்பில் காற்று உரசுகிற மாதிரி ஒரு ஒலியை அந்த ஐம்பது வயலினிலிருந்து எப்படியோ எடுத்தாள். நான் லிஃப்ட் கயிறுகளோடு வாழ்கிறவன். கேட்டதும் எனக்கு மயிர் சிலிர்த்தது. எல்லாவற்றையும் முடித்து அனுப்பினாள். அவரும் தன் பெயரைப் போட்டு அனுப்பினார். தொடர் எடுத்த கம்பெனி மெச்சிக்கொண்டது. கூடவே ஒரு படிவத்தையும் அனுப்பியது.

அந்தப் படிவம் சொன்னது இதுதான். இந்த இசையில் பயன்படுத்திய ஒவ்வொரு மென்பொருளுக்கும் லைசென்ஸ் எண் வேண்டும். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடரில் அந்த இசை இடம்பெறாது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. பாலத் தொடரின் இசையில் பயன்படுத்தியது மொத்தம் நாற்பத்து மூன்று மென்பொருள். நாற்பத்து மூன்றும் அக்கா பெயரில்.

திங்கள்கிழமை ஸ்டுடியோக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறை. அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"ஏம்மா, ஒண்ணுமில்ல, அந்த லைசென்ஸ் எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திக் குடுத்துடு. ப்ளகின் விக்கற கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டா மாத்திருவானாமே. நீ என்ன வெலைக்கு வாங்கினியோ அத நான் குடுத்துடறேன். உனக்கு நஷ்டம் வேண்டாம்."

"யோசிக்கறேங்க" என்றாள் அக்கா. கொடியிலிருந்து துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் வந்தார். இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். யோசிக்கிறேன் என்றாள். புதன்கிழமை மதியம் மருத்துவமனைக்கே கூப்பிட்டு, கடையில் போட்டிருக்கும் முழு விலை, ஒவ்வொன்றுக்கும், என்றார். அதற்கும் அதே பதில். கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த விலைக்காகக் காத்திருக்கிறாள் என்பது மட்டும் புரியவில்லை.

புதன்கிழமை மாலை நான் அவள் நோட்டைப் புரட்டி, ஆரம்ப விலைகளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை கூட்டினேன். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டி, ஒரு வருட வாடகையும் கொடுத்து, மிச்சமும் இருக்கும்.

"வித்துடேன்டி" என்றாள் அம்மா. "முழு வெலைக்கு வித்துட்டு, மறுபடி தள்ளுபடில வாங்கிக்க. உனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

அம்மாவின் மூளையைக் கண்டு நான் அசந்து போனேன். அக்காவின் சாஸ்திரப்படியே பார்த்தாலும் இதைவிடப் பெரிய பேரம் உலகத்தில் கிடையாது. அக்கா தலையை ஆட்டினாள்.

"மாத்திக் குடுத்தா, அத செஞ்சது அவருதான்னு ஆயிடும்மா."

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் அவரு செஞ்சதாத்தான ஆச்சு? அப்பல்லாம் போகாத மானம் இப்ப என்ன?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அம்மா படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நிற்கிற நிற்பு என் கண் முன்னால் இருந்தது, அதனால் வாய் வந்துவிட்டது.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நான்தான் செஞ்சேன்னு சொன்னா யாரு நம்பியிருப்பா? என்கிட்ட ஒரு காயிதம் கெடையாது. இப்ப நாப்பத்தி மூணு இருக்கு. அவரு வெல குடுக்கறது ப்ளகினுக்கு இல்லடா" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவள் மருத்துவமனைக்கு விடுப்புப் போட்டாள். நானும் போகவில்லை. மூன்றரை மணிக்கு ஸ்டுடியோக்காரர் வந்தார். கையில் படிவம், லைசென்ஸ் பட்டியல், எழுதிக் கையெழுத்துப் போட்ட செக். மேசையில் மூன்றையும் வைத்தார்.

"முழு வெல. ஒரு பைசா கொறையல. இப்பவே மெயில் போட்டா அஞ்சு மணிக்குள்ள சரியாயிடும். உன் தம்பிகிட்டக் கேளு, எவ்ளோ போட்டிருக்கேன்னு."

நான் செக்கைப் பார்த்தேன். நேற்றுக் கூட்டிய தொகைதான்.

"பணம் வேண்டாங்க. லைசென்ஸ் இருக்கற மாதிரியே இருக்கட்டும். படிவத்துல ஒரு வரிய மட்டும் மாத்துங்க. இசையமைப்பாளர்னு போட்டிருக்கற எடத்துல என் பேர எழுதுங்க" என்றாள் அக்கா.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "பேரா? பேரு என்னம்மா சோறு போடுமா?"

"அப்ப உங்களுக்கு எதுக்குங்க?"

அவர் அம்மா வைத்த தம்ளரை எடுத்தார். தண்ணீரைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலை மாற்றினார். "சரி, இசை உதவின்னு போடறேன். பெரிய எழுத்துல."

"உதவி நீங்கதாங்க பண்ணீங்க. கதவத் தொறந்து, சோகமான்னு சொன்னீங்க."

"ரெண்டு பேர் பேரும் போடலாம். மொதல்ல என்னுது, கீழ உன்னுது. ஸ்டுடியோ என்னுது, ஆர்டர் நான் புடிச்சது, நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஆர்டர் உங்களது. அதுக்கு வர்ற பணம் உங்களது. அதுல நான் கை வெக்கல. பாட்டு என்னுது."

சுவர்க் கடிகாரத்தில் நாலாகப் பத்து நிமிடம். அவருக்கு வியர்த்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, கடைசி ஆயுதம் என்று நினைத்து, கிண்டலை எடுத்தார்.

"என்னம்மா இது, தள்ளுபடின்னா உயிர விடறவ நீ. பாதிக்குப் பாதி கேக்கறேன், எறங்கி வர மாட்டேங்கற."

"என் பேருக்குத் தள்ளுபடி கெடையாதுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம், காது இவ்வளவுதான் கேட்கிறது என்று சொல்வாளே, அந்தக் குரல்தான். பதினோரு வருடம் இவள் எதற்காக வரிசையில் நின்றாள் என்று தெரியாமல், நேற்று மாலை நோட்டில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. செக்கை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். அம்மாவைப் பார்த்தேன். "வெச்சுக்கங்க. நான் படி ஏறிக்குவேன்" என்றாள் அம்மா அவரிடம்.

"இனிமே எங்கிட்டருந்து ஒரு வேலையும் வராது. தெரியுமில்ல?" என்றார் அக்காவிடம்.

"தெரியுங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தொடர் எடுத்த கம்பெனிக்குத் தொலைபேசினார். பெயர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் நிதானமாக, பெயர்கள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். ஐந்து மணிக்குப் பிறகு வேறு இசைக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னாள். இது எங்களுக்கே கேட்டது. அவர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டுப் பாகத்துக்கான பணம், அடுத்து வரக்கூடிய வேலைகள் எல்லாம் அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்திருக்கும். அக்கா கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

நாலே முக்காலுக்கு அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இசையமைப்பாளர் என்ற வரியில் இருந்த தன் பெயரின் மேல் கோடு போட்டார். மேலே இருந்த இடத்தில் எழுதப் போனவர் எழுதாமல் நின்றார். பேனா காகிதத்தைத் தொடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"உங்க முழுப் பேரு என்னம்மா?"

அக்கா லைசென்ஸ் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாப்பத்தி மூணு தடவ எழுதியிருக்கு. பாத்து எழுதுங்க."